பென்சில் இலை, சேற்றில் வேர்



பள்ளி விடுமுறைக்குக் கம்பாரில் மாமியார் வீட்டுக்குப் போன ஷா ஆலம் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். பழைய ஈயக்குட்டை ஓரம், கோரைப்புல்லுக்கு நடுவே வெள்ளையும் ஊதாவும் கலந்த ஓர் ஆர்க்கிட். “தம்பி, இது சிங்கப்பூர் தேசிய மலர்தானே? பிடுங்கிட்டு வந்து வாசல்ல வைக்கட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்கக்கா!” என்று பதில் போட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன்.

முதலில் இலை. தட்டையாக இல்லை, பென்சில் போல உருண்டை. அடுத்து, கீழே அகலமாக விரியும் இதழ். அதை ‘உதடு’ என்பார்கள். விசிறி போன்ற அந்த உதட்டில் கரு ஊதாப் புள்ளிகள், கோடுகள். சிங்கப்பூர் மலருக்கு உதட்டின் நடுவில் ஆரஞ்சு நிறம் பளிச்சிடும். இதில் அது இல்லை. மூன்றாவது, நிற்கும் இடம். வேர் சேற்றில், தண்டு கோரையில் சாய்ந்து, தலை முழு வெயிலில்.

சந்தேகமில்லை, இது ‘கிந்தா வீட்’. தாவரவியல் பெயர் பாப்பிலியோனாந்தே ஹூக்கேரியானா. கிந்தா பள்ளத்தாக்குச் சதுப்புகளில் களைபோல மண்டிக் கிடந்ததால் வந்த பெயர்.

இதுவும் தேரெஸ் என்ற இன்னோர் ஆர்க்கிடும் சேர்ந்து பிறந்ததுதான் சிங்கப்பூரின் ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் பெயரில் 1893இல் அறிவிக்கப்பட்டது. 1981இல் தேசிய மலரானது. பிள்ளைக்கு நாட்டு மரியாதை, பெற்றதுக்குக் ‘களை’ என்ற பட்டம்!

பிடுங்கி வந்தால் என்ன? ஆர்க்கிட் விதை தூசி போன்றது. உள்ளே உணவு கிடையாது. மண்ணிலோ மரத்திலோ உள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். அதனால் ஒரு செடி போனால், அடுத்தது சுலபத்தில் வராது. அந்த இடத்தையே மண் கொட்டி மூடிவிட்டால், சுத்தமாக வராது.

‘சும்மா கிடக்கிற சதுப்புதானே’ என்று நினைப்பதில்தான் வினையே. ஆனால் குரல் கொடுத்தால் பலன் உண்டு. ஷா ஆலத்துக்குத் தெற்கே, கோல லங்காட் வடக்குச் சதுப்புக் காட்டின் ஒரு பகுதியைக் காப்புக்காட்டிலிருந்து நீக்கும் முடிவை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2021இல் சிலாங்கூர் அரசு கைவிட்டது.

வாசலுக்குப் பூ வேண்டுமா? நர்சரியில் மிஸ் ஜோக்கிம் வாங்கி, கம்பு நட்டு, நல்ல வெயிலில் வளருங்கள். காட்டுப்பூவைக் கண்டால் படம் எடுங்கள். இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் பகிராதீர்கள்.

அக்காவின் பதில் வந்தது: “சரி தம்பி, படத்தைப் பிரேம் போட்டுக்கிறேன்!”