கையெழுத்துப் போட எதுக்குய்யா தேர்தல் விதி?

மக்களே, 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? பெங்களூர்ல வெயில் மண்டையைப் பிளந்துச்சு. தண்ணி லாரிக்கு அடிதடி. போதாக்குறைக்கு நாடாளுமன்றத் தேர்தல் வேற.

அந்த நேரத்துலதான் ஊர்லேர்ந்து ஒரு எழுத்தாளர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். லேத்துப் பட்டறைப் பசங்களைப் பத்திச் சிறுகதை எழுதுறவர். பீன்யால அந்தக் கதைகளைப் படிக்க ஆளா இல்லை? இங்க நட்டு போல்ட்டுலேர்ந்து சிஎன்சி வரைக்கும் நம்மாளுங்க கை படாத மிஷின் கம்மி. "அண்ணே, ஏப்ரல் 14 ஞாயித்துக்கிழமை, சித்திரை ஒண்ணு. ரெண்டு மணி நேரம் உக்காந்து புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னேன். சந்தோஷமா சரின்னார்.

குடியிருப்பு நோட்டீஸ் போர்டுல அழைப்பை ஒட்டினேன். மறுநாள் காணோம். வாட்ஸப் குழுவுல போட்டேன். பத்தே நிமிஷத்துல தூக்கிட்டாங்க. ஹாலுக்குக் குடுத்த அட்வான்ஸும் திரும்பி வந்துடுச்சு. எல்லாரும் சொன்ன காரணம் ஒண்ணுதான்: "எலெக்‌ஷன் டயம் சார், நடத்தை விதி இருக்கு."

எந்த விதின்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை. "எதுக்கு தம்பி வம்பு"ன்னாங்க. சொன்ன அத்தனை பேரும் தமிழங்க. அதுதான் எனக்கு வலிச்சுது.

இந்தக் கூத்து சென்னைலயே நடந்திருக்கு. 2019 ஏப்ரல் 2, தமிழ்நாட்டுல வாக்குப்பதிவுக்கு 16 நாள் இருக்கு. எஸ். விஜயன் எழுதின 'நாட்டை உலுக்கும் ரஃபேல் பேர ஊழல்' புத்தகத்தைப் பாரதி புத்தகாலயம் வெளியிட இருந்தது. தேர்தல் பறக்கும் படை கடைக்குள்ள வந்து நூத்துக்கும் மேல பிரதிகளை அள்ளிட்டுப் போச்சு. விஷயம் வெளிய வந்ததும், நாங்க அப்படி உத்தரவே போடலைன்னு தேர்தல் அதிகாரிகள் சொன்னாங்க. புத்தகம் திரும்பி வந்தது. அன்னிக்கே 'இந்து' என். ராம் வெளியிட்டார். பறிமுதல் பண்ணினதே நல்ல விளம்பரமாப் போச்சு!

அதுக்கு எட்டு நாள் கழிச்சு, மோடி வாழ்க்கைப் படத்தைத் தேர்தல் முடியற வரைக்கும் வெளியிடக் கூடாதுன்னு ஆணையம் நிறுத்தியது. சரியா தப்பாங்கறது வேற கதை. ஆனா அங்க எழுத்துல உத்தரவு இருந்தது. அதைக் காட்டிக் கேள்வி கேக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். யாரோ எதுக்கோ பயந்து செய்யற தடையை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டு போறது?

சரி, விதி என்னதான் சொல்லுது? நடத்தை விதி கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆட்சியில இருக்கறவங்களுக்கும் போட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ, தேர்தல் நோட்டீஸ் போஸ்டர்ல அச்சடிச்சவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இருக்கணும்னு சொல்லுது. புத்தகத்துல அது முன்பக்கத்துலயே இருக்குமே சாமி! 126ஆவது பிரிவு வாக்குப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரப் பிரச்சாரத்தைப் பத்தினது. பெங்களூர்ல ஓட்டு 26ஆம் தேதி. மைக் செட்டு கட்டிப் பொதுக்கூட்டம் போட்டா போலீஸ் அனுமதி வேணும், ஒத்துக்கறேன். நாலு சேர், ஒரு பேனாவுக்குமா?

"அவரு கதையில அரசியல் இல்லைன்னு சொல்லிப் பாத்திருக்கலாமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். சொல்ல மாட்டேன். இருந்தாத்தான் என்ன? 2014 ஏப்ரல்ல, தேர்தல் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, மன்மோகன் சிங்கைப் பத்தி அவரோட முன்னாள் ஊடக ஆலோசகர் சஞ்சய பாரு புத்தகம் போட்டார். பிரதமர் அலுவலகம் மறுத்து அறிக்கை விட்டது. முறை அதுதான். எழுத்துக்குப் பதில் எழுத்து. எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர் புத்தகம் போட்டாலும் இதையேதான் சொல்வேன். ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி படிக்காம, போட்டப்புறம் படிச்சு என்ன புண்ணியம்?

பயத்துக்குக் காரணமே இல்லைன்னு சொல்லலை. 1991 காவிரிக் கலவரத்தைப் பாத்தவங்க இன்னும் நம்ம தெருவுல இருக்காங்க. அந்த வருஷம் திறக்கவேண்டிய அல்சூர் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்னிக்குக் கருணாநிதி திறந்தார், எடியூரப்பா கூட நின்னார். நாலு நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தாச்சு. ரெண்டு பக்கமும் பேசினதால வந்தது அது. வள்ளுவரை மூடினது அடுத்தவங்க எதிர்ப்பு. என் நோட்டீஸைக் கிழிச்சது நம்ம கை. இது என்ன நியாயம்?

கடைசில என்ன ஆச்சுன்னா, எங்க தெரு மெஸ் அக்கா மதியச் சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு டேபிளைத் துடைச்சுக் குடுத்தாங்க. 23 பேர் வந்தாங்க. பக்கத்து வீட்டுப் பையன், ஏழாவது, தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்தாளர் அவன் பேரைத் தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதுல எது அங்கிள் 'ழி'?"ன்னு தடவிப் பாத்தான் எழிலன். அந்தப் பக்கத்தைப் பாத்து அன்னிக்கு ராத்திரி பத்து தடவை தன் பேரை எழுதினானாம்.

எந்த விதி மீறல் இது, யாராவது சொல்லுங்க.

அதனால மக்களே, அடுத்த தேர்தலுக்கு உங்க ஏரியாவுக்கு எழுத்தாளர் யார் வந்தாலும் கூப்பிடுங்க, நோட்டீஸ் ஒட்டுங்க. யாராவது "விதி இருக்கு"ன்னா, "எழுதிக் குடுங்க சார்"னு மரியாதையாக் கேளுங்க. பாதிப் பேர் அங்கயே பின்வாங்கிடுவாங்க.

டிஸ்கி: மெஸ் அக்கா அன்னிக்கு டீக்குக் காசு வாங்கலை. ஒரு புத்தகம் மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க, கையெழுத்தோட.