தொப்பிக்கும் கவுனுக்கும் காசு இருக்கிறது, கேட்டுக்குக் கொண்டி போட இல்லையா?



விடுகை விழாக் காலம் வந்தால் எங்கள் பேஸ்புக் முழுவதும் கறுப்புக் கவுனும் சதுரத் தொப்பியும்தான். ஐந்து வயதுப் பிள்ளை பட்டதாரி மாதிரி நின்றுகொண்டு சுருட்டிய தாளொன்றைக் கையில் பிடித்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நாங்களும் லைக் போடுகிறோம், மாஷா அல்லாஹ் எழுதுகிறோம். மண்டபம், மேடை, சவுண்ட்ஸ், வீடியோக்காரர், பிள்ளைக்கு இரண்டு சோடி உடுப்பு என்று பெற்றாரிடம் வாங்கும் காசு கொஞ்சமல்ல. அதே முன்பள்ளியின் ரோட்டுப் பக்கக் கேட்டுக்குக் கொண்டி இல்லை. பின்வளவுக் கிணற்றுக்கு மூடி இல்லை. கேட்டால் "நிதி இல்ல டீச்சர்" என்கிறார்கள்.

தரம் ஒன்று படிப்பிக்கும் எங்களுக்கு இதில் கதைக்க உரிமை இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. எழுத்துத் தெரியும், பாட்டுத் தெரியும், சூறாக்கள் தெரியும். ஆனால் மலசலகூடத்துக்கு மட்டும் போகாது. காற்சட்டையிலேயே போய்விடும். வளர்ப்புச் சரியில்லை என்று ஸ்டாஃப் றூமில் கதைத்தோம். உம்மாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லியும் விட்டோம். ஒரு மழை நாளில் காற்றுக்கு வகுப்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அந்தப் பிள்ளை கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர்மார் ஓடி வந்தார்கள். பிறகு சில கிழமைகள் கழித்து, சிரட்டையில் சோறாக்கி விளையாடிக்கொண்டிருக்கும்போது, தானாகச் சொன்னது. நேசரியில் சத்தம் போட்டால் மலசலகூடத்துக்குள் விட்டுப் பூட்டுவார்களாம். லைட்டையும் அணைப்பார்களாம்.

உம்மாவிடம் சொன்னோம். அவர் அழுதார். வாப்பா கட்டாரில். மறுநாள் மூத்தம்மா வந்தார். "விட்டுடுங்க டீச்சர். அந்தப் புள்ளைக்கும் கலியாணம் பேசிட்டு இருக்காங்க. ஊருக்குள்ள கதை வாணாம்" என்றார். நாங்கள் விட்டுவிட்டோம். 1929 எங்களுக்குத் தெரியாத இலக்கமல்ல, எங்கள் பாடசாலைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அடுத்த வருடமும் அதே முன்பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் யார் யார் அந்த இருட்டுக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. தன் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேண்டுமென்றே தாக்குவதும் கொடுமைப்படுத்துவதும் கவனிக்காமல் விடுவதும், 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தண்டனைச் சட்டக்கோவைக்குள் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி இரண்டு முதல் பத்து வருடம் வரை சிறை தரக்கூடிய குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் 1998இல் வந்தது. பாடசாலைகளில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றுநிருபம் அனுப்பியது. ஆனால் முன்பள்ளி மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கில் அதற்கென முன்பள்ளிக் கல்விப் பணியகம் இருக்கிறது, பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். குர்ஆன் மத்ரஸா வேறொரு திணைக்களத்தின் கீழ். வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராத்தாவை யாருமே எந்தப் பட்டியலிலும் காணமாட்டார்கள். காலையில் நேசரி, பகலில் ராத்தா வீடு, பின்நேரம் மத்ரஸா என்று ஒரே பிள்ளை ஒரே நாளில் மூன்று பேரின் கையில் இருக்கிறது. மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்ப்பவர் எவரும் இல்லை.

பூட்டிய அந்த டீச்சரைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். ஏ.எல். முடித்த இளம் பிள்ளை. முப்பது பிள்ளைகளுக்குத் தனி ஆள். ஒன்றை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போனால் மற்ற இருபத்தொன்பதும் தனியே நிற்கும். மாதம் முடியக் கையில் கிடைப்பது போக்குவரத்துச் செலவுக்கே காணாது. சிறு பிள்ளை ஏன் அழுகிறது, அழும்போது என்ன செய்வது என்று யாரும் அவருக்குக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அவர் செய்தது குற்றம்தான், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் உதவிக்கு இன்னொரு ஆளைப் போடாமல் விழாவுக்கு மண்டபம் பிடித்த நிர்வாகம் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை. அவர்கள் முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்தார்கள்.

இனி, யாரும் கெட்டவராக இல்லாமலே நடக்கும் ஆபத்துகள். முழுத் திராட்சை, ரம்புட்டான், கச்சான் கொட்டை, இவை மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும் என்பதும், தொண்டையில் அடைத்தால் வாய்க்குள் கண்மண் தெரியாமல் விரலை விட்டுத் தோண்டக் கூடாது என்பதும் எத்தனை முன்பள்ளியில் தெரியும்? சிறு பிள்ளை மூழ்கக் கிணறு கூடத் தேவையில்லை, அரை வாளித் தண்ணீர் போதும். ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை ஏற்றி, சாரதியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றை இருத்திப் போவதை நாங்கள் எல்லோரும் தினமும் பார்க்கிறோம். "இன்னும் ஒண்டு ஏத்தலாம்" என்று கெஞ்சுவது அனேகமாகப் பெற்றார்தான்.

இன்னொன்று. வீட்டில் "மாமாக்கு முத்தம் குடு" என்று பிள்ளையை ஒருவரின் மடிக்குத் தள்ளுகிறோம். அது பின்வாங்கினால் கூச்சம் என்று சிரிக்கிறோம். பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் அதற்குத் தெரிந்த, நாம் நம்புகிற ஒருவர்தான். வேண்டாம் என்ற பிள்ளையை மடியில் தள்ளிப் பழக்கிவிட்டு, வெளியில் ஒருவர் தொட்டால் வேண்டாம் என்று சொல்லும் என எதிர்பார்க்கிறோம். ஸலாம் சொல்லப் பழக்குவோம், அது போதும். மலசலகூடத்துக்கு யார் கூட்டிப்போவது, கழுவி விடுவது யார், அந்த நேரம் இன்னொரு டீச்சரின் கண் படுகிறதா என்று முன்பள்ளியில் கேட்பதற்குப் பெற்றார் வெட்கப்படுகிறார்கள். நல்ல முன்பள்ளி இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. கோபப்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்பார்கள். ஆமீன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. கேட்டைக் கட்டாமல் நாங்கள் வைக்கும் தவக்குல் என்ன வகை என்று ஆலிம்கள் ஒரு ஜும்ஆவில் சொன்னால் நல்லது. 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத காலத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரப் பெட்டியில் வந்த மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு முறையும் நாங்கள் அழுதோம், போஸ்ட் போட்டோம், புரொஃபைல் படம் மாற்றினோம். வெள்ளம் வந்தால் பிள்ளைகளை எங்கே வைத்திருப்பது, யார் வந்து கூட்டிப்போவது என்று எழுதி வைத்த தாள் உங்கள் ஊர் முன்பள்ளியில், மத்ரஸாவில் இருக்கிறதா? எங்கள் ஊரில் நாங்கள் கேட்டுப் பார்த்தோம். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஒரு இடத்தில் மட்டும், கூட்டிப்போக வரக்கூடியவர்களின் பெயரும் போன் இலக்கமும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அங்கே டீச்சர் தெரியாத ஆளிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை. ஒரு முறை சொந்தச் சாச்சாவையே அரை மணித்தியாலம் வெளியில் நிற்பாட்டி வைத்தாராம். சாச்சா இன்னும் கோபம். எங்களுக்கு அந்த டீச்சரைப் பார்த்து ஸலாம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ஜனவரியில் புதிய பிள்ளைகள் சேருவார்கள். எங்கள் ஊர் முன்பள்ளி நிர்வாகங்களிடமும் பள்ளிவாசல் நிர்வாக சபையிடமும் ஒரு கடிதம் கொடுக்கப் போகிறோம். இந்த வருட விழாவைப் பள்ளி வளவிலேயே, கவுன் இல்லாமல் வைத்துவிட்டு, மிச்சக் காசில் கேட்டுக்குக் கொண்டி, கிணற்றுக்கு மூடி, உதவிக்கு இன்னொரு ஆள். பூட்டிய முன்பள்ளியின் விடயத்தை 1929க்கு நாங்கள் அறிவித்தும் விட்டோம். 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். பிந்திவிட்டது என்று தெரியும். அந்தப் பிள்ளை இப்போது தரம் ஐந்தில் இருக்கிறது. இன்னும் வகுப்புக் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கும்.