பூனை எதுக்குத் தவம் பண்ணுது?

சென்ற அரையாண்டு லீவில் என் நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து மகளோடு வந்திருந்தாள். பெண்ணுக்கு ஒன்பது வயசு. 'உன் தாத்தா பாட்டியின் நாட்டைப் பற்றிப் பத்து சுவையான தகவல்கள்' எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம், பள்ளிக்கூடத்தில். புலி தேசிய விலங்கு, மயில் தேசியப் பறவை, தாஜ்மகால் என்று எட்டு எழுதி முடித்துவிட்டு, "அத்தை, இன்னும் ரெண்டே ரெண்டு சொல்லுங்க" என்று அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழாவது படிக்கும் என் பையன் முந்திக்கொண்டான். "மாமல்லபுரம்! பல்லவர், நரசிம்மவர்மன், ஏழாம் நூற்றாண்டு, யுனெஸ்கோ 1984!" என்று கடகடவென ஒப்பித்தான். பெருமையாகத்தான் இருந்தது. "அங்கே என்னடா பார்த்தே?" என்று கேட்டேன் பாருங்கள், திருதிருவென்று முழிக்கிறான். பள்ளியில் டூர் அழைத்துப் போனார்கள், இறங்கினார்கள், வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்தார்கள், முக்கால் மணி நேரத்தில் பஸ் ஏற்றிவிட்டார்களாம். ஐஸ்கிரீம் மட்டும் ஞாபகம் இருக்கிறது! அவனைச் சொல்லி என்ன? செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். நானே கல்யாணமான புதுசில் ஒரு தடவை போய் வந்ததோடு சரி.

மறுநாளே புளிசாதம் கட்டிக்கொண்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் கிளம்பினோம். மூன்றே இடம்தான், எங்கேயும் அவசரப்படுத்தக் கூடாது என்று முதலிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் அந்தப் பெரிய பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தபசு என்கிறார்கள். இல்லை, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த காட்சி என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இரண்டையும் சொல்லி, "நீங்களே பார்த்துட்டு எதுன்னு சொல்லுங்க" என்று விட்டுவிட்டேன். ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்றில்லை என்பதே அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரத்தில், "அத்தை, பூனை ஒண்ணு கையைத் தூக்கிட்டு நிக்குது. எதுக்குத் தவம் பண்ணுது?" என்று கத்தினாள். காலடியில் எலிகள் வேறு! எனக்குத் தெரியவில்லை. அசடு வழிந்தேன். மாமியார்தான் காப்பாற்றினார். சாமியார் வேஷம் போட்டு, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறதாம். அங்கேயே உட்கார்ந்து சொல்லி முடித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். மலையைத் தூக்கும் கண்ணனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. அன்றைய வீட்டு வேலை அப்படியே கல்லில் இருக்கிறது. ராஜாக்கள் பேரை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லி இதையெல்லாம் விட்டுவிடுகிறோமே!

ஐந்து ரதத்தில்தான் வம்பு. "பஞ்ச பாண்டவர் இங்கே வந்து தங்கினப்போ செஞ்சது" என்று மாமியார் ஆரம்பித்தார். அந்தப் பெண் நோட்டைத் திறந்துவிட்டாள், ஒன்பதாவது தகவல்! எனக்கு மனசு கேட்கவில்லை. "இல்லைம்மா, இது பல்லவர் வேலை. பாண்டவர் பேர் பிற்பாடு ஜனங்க வச்சது" என்றேன். "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் வேறு, "விடுங்க அண்ணி, சின்னப் பிள்ளைதானே" என்கிறாள். சின்னப் பிள்ளை என்பதால்தானே சொல்கிறேன்! அது இந்த நோட்டை எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு நாட்டில் முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று படிக்கப் போகிறது. கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூனைக்கதை இல்லாவிட்டால் அந்தப் பாறையே ருசித்திருக்காது. கதையைக் கதையென்று சொல்லிக் கொடுங்கள், நடந்ததை நடந்ததென்று சொல்லுங்கள் என்பதுதான் என் கட்சி.

என் பையன் எதையும் காதில் வாங்காமல் பீம ரதத்தையே சுற்றி வந்தான். "மேலே எல்லாம் முடிச்சிருக்காங்க, கீழே ஏம்மா கரடு முரடா இருக்கு?" என்றான். ஒரே பாறையை உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே கீழே இறங்கியிருக்கிறார்கள். வீடு கட்டுவது போலக் கீழிருந்து மேலே எழுப்பவில்லை. பாதியில் நின்றுபோனதால்தான் நமக்கு அந்த வேலை முறை தெரிகிறது. ஒப்பித்தபோது வராத கேள்வி இது.

கடற்கரைக் கோயிலுக்கு வரும்வரை மாமியார் என்னோடு பேசவில்லை. அலையைப் பார்த்ததும் தானாகவே ஆரம்பித்தார். 2004 டிசம்பர் 26 காலை, சுனாமி என்ற வார்த்தையே தெரியாத நேரம். கல்பாக்கத்தில் இருந்த தன் தங்கை வீட்டாரைத் தேடிப் போனதை, சேறும் கவிழ்ந்த படகுகளுமாகக் கிடந்ததை, அவர்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரோடு இருந்ததைச் சொல்லச் சொல்ல இரண்டு பிள்ளைகளும் அவர் மடியை விட்டு நகரவில்லை. என் பையனுக்கே இது தெரியாது. நாங்கள் யாரும் சொன்னதில்லை. அந்த சுனாமிக்குப் பிறகுதான் இங்கிருந்து வடக்கே சாளுவன்குப்பத்தில் தோண்டி, பல்லவருக்கும் முந்திய செங்கல் முருகன் கோயிலைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சேர்த்துச் சொன்னேன். மாமியாரே, "அப்படியா?" என்று திரும்பிப் பார்த்தார். சமாதானம்!

செலவு என்று பார்த்தால் பஸ் சார்ஜும் பெரியவர்களுக்கு டிக்கெட்டும்தான். பதினைந்து வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. மார்கழி, தை மாதமாகப் பார்த்துப் போங்கள். சித்திரையில் பாறையில் கால் வைக்க முடியாது.

அன்று ராத்திரி அந்தப் பெண் நோட்டில் புலியையும் மயிலையும் அடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். முதலாவது பூனை. இரண்டாவது, 'என் பாட்டி சுனாமியைப் பார்த்தவர்.' பையனுக்கோ அடுத்த லீவுக்கு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை போக வேண்டுமாம். அவனுக்கு முந்தி நான் படித்து வைக்க வேண்டும்.

— ஒரு வாசகி, செங்கல்பட்டு.