பேகன் போர்வையும் பைபர்ஸின் தோட்டமும்

மயில் குளிரால் நடுங்கியது எனக் கருதிப் பேகன் தன் போர்வையை ஈந்த வரலாற்றைப் பள்ளிப் பருவந்தொட்டே நாம் படித்து வருகிறோம். கண்டபொழுதே நெஞ்சு நெகிழ்ந்தது; கை கொடுத்தது. அழகிய கொடைதான். ஆயினும் அடுத்த மழையில் நடுங்கும் மயிலுக்கு யார் பொறுப்பு என்ற வினா அக்கொடையில் எழவில்லை.

ஆதரவற்ற பூனைகளுக்கு நாம் செய்யும் உதவி இன்றும் பேகன் வழியிலேயே நடைபெறுகிறது. வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் பூனையை மாணவர் ஒருவர் துணியில் சுற்றி மருத்துவரிடம் கொண்டு செல்கிறார். அதுவரை எல்லாம் நன்றே. உரிமையாளர் இல்லாத உயிருக்குப் பணம் கட்டுபவர் யார் என்ற கேள்வி எழும்போதுதான் அவர் தடுமாறுகிறார். எக்ஸ்ரே, மயக்க மருந்து, அறுவை, சில நாள் தங்கல் எனச் செலவு ஏறுகிறது. நண்பர்களிடம் கையேந்தித் தொகை சேர்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது.

சில நோய்கள் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகியது. நுண்படிகங்கள் அதனை அடைத்துவிட்டால் குருதியில் பொட்டாசியம் பெருகி இதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் பிரியும். காலத்தே குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். (நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும் என்பதையும் ஈண்டுச் சொல்லி வைக்கிறோம். இரக்கத்தால் அதனைக் கொடுத்துவிடுவோர் உளர்.)

ஆகவே, பொருள் முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகில் இருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்கென விட்டுச் சென்றார். 1836இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்டு வில்லியம் லேன் இதனைக் குறிப்பிடுகிறார். அதற்குள் தோட்டம் பலமுறை கைமாறி, வருவாய் சிறுத்துவிட்டது. எனினும் கடமை மறையவில்லை. அது காழியின் தலையில் விழுந்தது. பெரும்பாலும் பிற்பகல்தோறும் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்தில் இறைச்சிக் கழிவுகள் கொணரப்பட்டுப் பூனைகள் அழைக்கப்பட்டனவாம். சுல்தான் மறைந்து ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் நடந்தது இது! அவ்வறம் உணவுக்கானது, மருத்துவத்துக்கானதன்று என்பது உண்மையே. நாம் வேண்டுவது அதன் வழிமுறையை.

‘ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றித் தவிக்கையில் பூனைக்கு நிதியா?’ எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நேர்மையான வினா, ஒதுக்கித் தள்ளத் தக்கதன்று. ஜகாத் எட்டு வகை மக்களுக்கே உரியது. அதில் ஒரு காசும் பூனைக்குச் செல்லலாகாது. கல்வி உதவித்தொகையையும் தொடவேண்டியதில்லை. நாம் கேட்பது சதகாவிலிருந்து ஒரு சிறு பகுதி; மனமுவந்து ஒருவர் எழுதிவைப்பாராயின் ஒரு சிறு கடையின் மாத வாடகை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் செய்தியை மேடைதோறும் கேட்டுத் தலையசைக்கும் நம்மிடையே இத்தகைய ஏற்பாடு இல்லாதிருப்பது நமக்கு வியப்பாகவே உள்ளது.

நிதியை நடத்துவது கடினமன்று. ஆசிரியர் ஒருவரும் ஜமாஅத் பெரியவர் ஒருவரும் கையொப்பமிடட்டும். தொகை மீட்டவர் கைக்கு வராமல் நேரே மருத்துவருக்குச் செல்லட்டும். ஓர் உயிருக்கு இவ்வளவு என்ற வரம்பை மருத்துவருடன் கலந்து முன்னரே வகுத்துவிட்டால், நள்ளிரவில் கண்ணீருக்கும் கணக்குக்கும் இடையே மாணவர் அல்லாட வேண்டியதில்லை. கணக்கை மாதந்தோறும் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பிழைக்காது என மருத்துவர் கைவிரித்த பூனைக்கும் வலி தணிக்கும் மருந்தின் செலவை அந்நிதியே ஏற்றல் வேண்டும்.