கழுவெளியில் அடுக்குமாடியா?

பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டத்துக்கு 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது போதாது, திட்டமே கைவிடப்பட வேண்டும். ஊர்க்காரர்கள் கழுவெளி என்று அழைத்த இந்த நிலம் காலி மனை அல்ல. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடல் சேர்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கணினி நிறுவன வளாகங்களும் விழுங்கியது போக, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,247 ஹெக்டேர். மண் கொட்டி மேடாக்கினால் புதுக் கட்டடம் தப்பிக்கும். நிற்க இடமில்லாத தண்ணீர் பக்கத்துத் தெருவின் தரைத்தள வீட்டுக்குள் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சதுப்புநிலத்தை அடுத்த வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியதைப் பார்த்தோமே! வீடு தேவைதான். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு வெள்ளக்காட்டை விற்க அனுமதிப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சதுப்புநிலத்தின் எல்லையைத் தரையில் அளந்து கல் நட்டு முடிக்கும்வரை, அரசு இங்கே ஒரு செங்கல்லுக்கும் அனுமதி தரக் கூடாது.