கந்தையும் கலையும்

சென்ற மாதம் எங்கள் தெருவுக்குப் பழந்துணி வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். எதிர்வீட்டு அம்மாள், காலஞ்சென்ற தம் மாமியாரின் நூல் புடவைகள் எட்டை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். வியாபாரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். சரிகை இல்லை; பட்டும் இல்லை. "எட்டுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளி தரலாம், அம்மா" என்றார். "மூடியும் போட்டுக் கொடப்பா" என்று அம்மாள் கேட்டார். வெகுநேரம் பேரம் நடந்து, கடைசியில் மூடியும் உண்டு என்று முடிவாயிற்று. அந்தச் சமயத்தில், பத்து வயதுப் பேத்தி உள்ளிருந்து ஓடி வந்து, குவியலின் அடியிலிருந்த மாம்பழ நிறப் புடவையை உருவிக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு சொல்லியும் அவள் அதைத் திருப்பித் தரவில்லை. ஆகவே ஏழு புடவைகளுக்கு வாளி மட்டும் கிடைத்தது, மூடி கிடைக்கவில்லை.

அந்தக் குழந்தை செய்தது லாபமா, நஷ்டமா என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுத உத்தேசம்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். கட்டவே முடியாதபடி நைந்து போன கந்தையை என்ன செய்வது என்பதற்கும் நம் வீடுகளில் வழி இருந்தது. குழந்தைக்குத் தூளி கட்டினோம். பிறந்த சிசுவைப் போர்த்தினோம். விளக்குத் திரி திரித்தோம். ஆனால் அந்தக் கந்தையையே ஒரு சித்திரசாலையாக ஆக்கியவர்கள் வங்காள தேசத்துப் பெண்மணிகள். அவர்கள் அதற்கு இட்ட பெயரும் நமக்கு அந்நியமானதன்று. அவர்கள் 'காந்தா' என்கிறார்கள். ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும் 'கந்தா' என்னும் வடசொல்லே அதற்கும் நம் 'கந்தை'க்கும் மூலம்.

வங்காளத்தில் இந்தக் கந்தைக்கு இருந்த மதிப்பைச் 'சைதன்ய சரிதாமிருதம்' என்னும் நூலில் வரும் ஒரு சம்பவம் காட்டுகிறது. ஸநாதன கோஸ்வாமி என்பவர் வங்காளத்துச் சுல்தான் ஹுசேன் ஷாவிடம் மந்திரியாக இருந்தவர். பதவியைத் துறந்து, காசியில் சைதன்யரை நாடி வந்தபோது அவர் தோளில் விலையுயர்ந்த கம்பளி ஒன்று கிடந்தது. சைதன்யர் வாயால் எதுவும் சொல்லவில்லை; கம்பளியை மட்டும் அடிக்கடி பார்த்தார். ஸநாதனர் குறிப்பறிந்து கங்கைக் கரைக்குப் போனார். அங்கே ஒரு வங்காளி தன் கந்தையைத் துவைத்து உலர்த்திக் கொண்டிருந்தான். "என் கம்பளியை எடுத்துக்கொண்டு உன் கந்தையைக் கொடு" என்று கேட்டார். அவன் தன்னைப் பரிகாசம் செய்வதாகவே நினைத்தான். பிறகு மாற்றிக் கொண்டார்கள். கந்தையைப் போர்த்துத் திரும்பிய சிஷ்யரைக் கண்டு குருவின் முகம் மலர்ந்தது. எதிர்வீட்டில் நடந்த பண்டமாற்றோ இதற்கு நேர்மாறானது.

துறவிக்கு வைராக்கியத்தின் அடையாளமாக இருந்த அதே பொருள், கிருகஸ்தருடைய வீட்டில் அன்பின் அடையாளமாக இருந்தது. ஜஸோர், குல்னா, பரீத்பூர், மைமன்சிங் முதலிய ஜில்லாக்களில் குடும்பப் பெண்கள், வேலை ஓய்ந்த பிற்பகல்களில் பழைய வேஷ்டி புடவைகளை அடுக்கித் தைத்தார்கள். துணிகளைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, ஈச்சமுள்ளை ஆணியாகக் குத்தி நிறுத்துவார்கள். நூலுக்கும் கடைக்குப் போவதில்லை. புடவைக் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளை உருவிக் கொள்வார்கள். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய். இடையிடையே மீன், யானை, பல்லக்கு, தேர், படகு. பெரும்பாலும் ஓட்டுத் தையலைக் கொண்டே இவ்வளவையும் எழுதினார்கள்.

பெரிய போர்வைகள் மட்டுந்தான் காந்தா என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்க 'ஆர்ஷிலதா', மூன்று மூலைகளை உள்ளே மடித்துப் பணப்பையாக்கும் 'துர்ஜனி', தலையணைக்கு 'ஓவார்', ஏறக்குறைய ஓரடிச் சதுரத்தில் 'ருமால்' - இப்படிச் சிறிய உருப்படிகள் பல உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தச் சிறியவையே தகுந்தவை.

இவற்றைத் தைத்தவர்களில் பெரும்பாலோருடைய பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்த சிலரில் ஒருவர் குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் கையாலேயே ஒரு காந்தா தைத்துத் தந்தைக்கு அர்ப்பணம் செய்த அவர், அதைத் துணியிலேயே எழுத்தாகவும் தைத்து வைத்தார். அதைக் காப்பாற்றியவர் குருஸதய் தத் (1882-1941). ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தராக இருந்தும் கிராமம் கிராமமாகச் சென்று பாமர ஜனங்களின் கலைப் பொருள்களைச் சேகரித்த தேசபக்தர் அவர். 1932-இல் விரதசாரி இயக்கத்தை ஆரம்பித்தவரும் அவரே. அவருடைய சேகரம் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் 1963 முதல் பொருட்காட்சிசாலையாக விளங்கியது. அதற்கு மத்திய சர்க்காரின் ஜவுளி இலாகா அளித்து வந்த உதவியை 2017-இல் நிறுத்தினார்கள் என்பதையும் இங்கே வருத்தத்துடன் சொல்ல வேண்டும். நம்முடைய அலட்சியம் திண்ணையோடு நின்றுவிடுவதில்லை.

கவி ஜஸீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ஒரு கதைக் கவிதை காந்தாவின் புகழை வங்காளம் முழுவதும் பரப்பிற்று. கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் ஒருத்தி, தங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் சமாதியின்மேல் விரிக்கச் சொல்கிறாள். இதைக் கவியின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பேசவும் எழுதவும் இடம் கிடைக்காதவர்கள் எங்கே பேசுவார்கள், எங்கே எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்த்தால் விளங்கும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். ஓரடிச் சதுரத்தில் ஒரு சிறு காந்தா தைக்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

பலமுறை துவைத்து மிருதுவான நூல் புடவையே வேண்டும். முறுக்கான புதுத் துணியில் ஊசி தயங்கும், பட்டில் வழுக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இழை விட்டுப்போன இடங்களைத் தவிர்த்து, 14 அங்குலச் சதுரமாக நான்கு துண்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். ஓரம் மடிக்க 2 அங்குலம் போக 12 அங்குலம் நிற்கும். கஞ்சி சிறிதும் இருக்கலாகாது. வெளிர் நிறத் துணி மேலே வரட்டும். துண்டுகளை அடுக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவி, நீளமான தற்காலிகத் தையல்களால் குறுக்கும் நெடுக்குமாக இணையுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் போய்ச் சேரும்; பிறகு அதை வெளியேற்ற ஒருவராலும் முடியாது.

வர்ண நூலை முன்னதாக நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் போகும் நூல் ஒரு மாத உழைப்பை ஒரே சலவையில் அழித்துவிடும்.

சித்திரத்தின் வெளிக்கோட்டை முதலில் தைத்து, பின்பு உட்புறத்தை நிரப்புங்கள். அதன்பின் வெள்ளை நூலால், வெளிக்கோட்டை ஒட்டியே வரிசை வரிசையாகச் சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு வரவேண்டும். குளத்தில் கல் விழுந்தால் அலை வட்டம் விரிவது போல், துணியில் மெல்லிய அலை எழும். காந்தாவின் உயிர் அந்த அலையில்தான் இருக்கிறது. நூலை இறுக்கி இழுத்தால் அலை சுருக்கமாகிவிடும்; தளர விட்டாலோ அலையே எழாது.

கிளியின் சிறகு, தாமரையின் இதழ் முதலியவற்றை வர்ணம் தீட்டியது போலவே நூலால் நிரப்ப ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அது வேறு வித்தை. ஒரே நிறத்தில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று நூல்கள் வேண்டும். முதல் வரிசையில் ஒன்று நெடியது, ஒன்று குறியது என்று மாறி மாறித் தைக்க வேண்டும். அடுத்த வரிசை, முந்திய வரிசையின் நுனிகளைப் பிளந்துகொண்டு உள்ளே புக வேண்டும். அப்போது ஒரு நிறம் எங்கே முடிந்தது, மற்றொன்று எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. இதழ் எந்தத் திக்கில் வளர்கிறதோ அந்தத் திக்கிலேயே தையலும் ஓட வேண்டும். தையல் மெஷினிலும் இதைச் செய்யலாம். அழுத்தும் பாதத்தைக் கழற்றி, துணியைத் தள்ளும் பல்லை மறைத்து, துணியை வளையத்தில் மாட்டி இரு கைகளாலும் நகர்த்தினால், ஊசி எழுதுகோல் போல் வேலை செய்யும். விரல் மட்டும் ஊசிக்கு எட்டியே இருக்கட்டும்!

ஒன்று நினைவிருக்க வேண்டும். நெருங்கிய தையல் துணியைச் சுருக்கும். ஆகையால் இவ்விதச் சித்திரத்தை மேல் துண்டில் மட்டும், அடியில் ஒரு துணையோடு தைத்து முடித்துவிட்டு, அதன் பிறகே மற்றத் துண்டுகளை அடுக்க வேண்டும். அடுக்கிய பின் தைக்க ஆரம்பித்தால், கிளி நன்றாக இருக்கும். சதுரம் சதுரமாக இராது.

"இவ்வளவு சிரமம் எதற்கு? கடையில் வாங்கிவிடலாமே!" என்று சிலர் கேட்பார்கள். நன்றாய் வாங்கலாம். 2008-இல் மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. பீர்பூம் முதலிய ஜில்லாக்களில் எத்தனையோ பெண்களுக்கு இது ஜீவனம். ஆனால் வாங்கப் போகுமுன் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும்.

நம்முடைய 12 அங்குலச் சதுரத்தில், அரைக்கால் அங்குலத்துக்கு ஒரு வரிசை வீதம் 96 வரிசைகள். ஒவ்வொன்றும் 12 அங்குலம். ஆக 1,152 அங்குலம், அதாவது 32 கஜம் தையல். அங்குலத்துக்கு ஆறு தையல் என்றால் மொத்தம் 6,912 தையல்கள். மணிக்கு 300 தையல் போட்டாலும் 23 மணி நேரம் ஆகும். இதே நெருக்கத்தில் 90 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள ஒரு படுக்கை விரிப்பு வேண்டுமானால், இதைப்போல் முப்பத்தேழரை மடங்கு! சுமார் 2,60,000 தையல்கள். 860 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. தினம் எட்டு மணி நேரம் உழைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும்.

அப்படிப்பட்ட விரிப்பை ஒருவர் மிகவும் மலிவாக விற்கிறார் என்றால், இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, அது கைத்தையல் அல்ல. அல்லது, கைத்தையல்தான், ஆனால் தைத்த கைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. முன்னதில் நாம் ஏமாற்றப்படுகிறோம். பின்னதில் வேறொருத்தி ஏமாற்றப்படுவதற்கு நாம் உடந்தையாக இருக்கிறோம். கதர் உடுத்துவதை விரதமாகக் கொண்டவர்களின் பேரன் பேத்திகளாகிய நாம் இந்த இரண்டாவது விஷயத்தில் அலட்சியமாக இருக்கலாகாது. தாமே ஒரு சாண் துணி தைத்துப் பார்த்தவர்கள் கடைவாசலில் பேரம் பேசுவது தானே குறைந்துவிடும். சிறு காந்தா தைப்பதில் உள்ள பெரிய லாபம் இதுவே என்பது நம் அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வங்காளத்துச் சித்திரங்களை அப்படியே காப்பி செய்யவேண்டிய அவசியமில்லை. அவர்களுடைய காந்தாச் சித்திரங்கள், அவர்கள் வீட்டுத் தரையில் மாவால் இடும் ஆல்பனாவின் உறவுக்காரிகள். நம் வாசலில் கோலம் இருக்கிறது. நம் புடவைக் கரையில் ருத்திராக்ஷமும் மயில் கண்ணும் இருக்கின்றன. வேறு இடத்தில் கடன் வாங்குவானேன்?

எதிர்வீட்டு மாம்பழப் புடவை இப்போது ஊஞ்சல் பலகையின்மேல் நான்கு மடிப்பாகக் கிடக்கிறது. பேத்தி நடுவில் ஒரு தாமரைக் கோலம் வரைந்திருக்கிறாள். வாளியைக் கொடுத்தனுப்பிய வியாபாரியை அன்று வெகுவாகப் புகழ்ந்த அம்மாள், இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த வரிசை கோணலாகப் போகிறதடி" என்று பேத்திக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார். மற்ற ஏழு புடவைகளைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

தைத்து முடித்ததும் ஒரு மூலையில், புடவைக்கு உரியவர் பெயரையும், தைத்தவர் பெயரையும், வருஷத்தையும் மறக்காமல் தைத்துவிடுங்கள். மானதாசுந்தரி அப்படித் தைத்து வைத்ததனால்தான் அவரை இன்று நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.