அண்ணாவியாரின் குரலும் அரைகுறை ஒலிப்பதிவும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எனக்கு, ஒலிப்பதிவு என்பது பேட்டியோடு முடிந்துபோகும் விடயமாகவே நீண்டகாலம் இருந்து வந்தது. சொன்னது விளங்கினால் போதும். செய்தி அச்சேறியதும் அதே ஒலிநாடாவில் அடுத்த பேட்டியைப் பதிவோம். அந்தப் பழக்கத்தோடு ஒரு பாட்டைப் பதியப் போனதால் நேர்ந்த இழப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2017 ஆம் ஆண்டு, வடமராட்சியில் எண்பது வயதை நெருங்கிய அண்ணாவியார் ஒருவரைச் சந்தித்தேன். ஒலிவாங்கி இல்லாத காலத்திலேயே திறந்தவெளியில் காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பாடி ஆடியவர். கடைசியில் பாய் விரித்துப் படுத்திருந்தவருக்கும் அவர் குரல் கேட்கும் என்று ஊரவர்கள் சொன்னார்கள். எனது மடிக்கணினியோடு, மேடையில் பயன்படுத்தும் ஒலிவாங்கி ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் பாடினார். கணினித் திரையிலோ ஒலியலை மயிரிழை போல ஓடியது.

“ஐயா, இன்னும் கொஞ்சம் சத்தமாய்ப் பாடுங்கோ” என்றேன்.

பாடினார். கோடு அசையவில்லை. மீண்டும் கேட்டேன்.

“தம்பி, இதுக்கு மேலை போனால் அது பாட்டில்லை, கூப்பாடு” என்றவர், எனது முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் முயன்றார். இருமல் வந்தது. “இன்னொரு நாளைக்குப் பாப்பம்” என்று எழுந்துவிட்டார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

வீடு வந்து, பதிவின் ஒலியளவை மென்பொருளில் 30 டெசிபெல் உயர்த்தினேன். குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் அதே அளவுக்கு உயர்ந்து வந்தது. வானொலியில் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கணினியைத் தொடவில்லை. முதலில் வயரைக் கேட்டார்.

மேடை ஒலிவாங்கியின் வயரில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று தலைகீழாக வருகிறது. மேடைக்குரிய கருவி அதனை அறிந்து சரியாகக் கையாளும். ஆனால், சிறிய முனையைப் பொருத்திக் கணினியில் செருகினால், சில கணினிகள் அந்த இரண்டையும் இடம், வலம் என்று எடுத்துக்கொள்கின்றன. பின்னர் மென்பொருள் இரண்டையும் கூட்டி ஒரே தடமாக்கும்போது ஒன்றை மற்றது அழித்துவிடுகிறது. நான் பதிந்தது அழிந்ததுபோக எஞ்சிய மிச்சத்தையே. இரு தடங்களாகச் சேமித்திருந்தாலாவது ஒன்றைத் தலைகீழாக்கிக் குரலை மீட்டிருக்கலாம். நான் ஒரு தடமாகவே சேமித்திருந்தேன்.

குரல் குறைவாகப் பதிவதற்கான காரணங்கள் அநேகமாக இவ்வாறு எளிமையானவைதான். வெளி ஒலிவாங்கியைச் செருகிய பின்னரும், கணினி தனது உள் ஒலிவாங்கியிலேயே கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸில் ஒலிவாங்கிக்குரிய அளவு தாழ்ந்திருக்கலாம். அதன் கீழே 10, 20, 30 டெசிபெல் எனக் கூட்டக்கூடிய ‘பூஸ்ட்’ சுழியத்தில் கிடக்கலாம். மேடைக்குரிய டைனமிக் வகை இயல்பாகவே மெல்லிய மின்சமிக்ஞையைத் தருவது. அதற்கு முன்பெருக்கி வேண்டும். கொன்டென்சர் வகைகளிற் பலவற்றுக்கு 48 வோல்ற் மின்னூட்டம் வேண்டும். கணினியின் சிறு துளை அதனைத் தராது. யூ.எஸ்.பி. வழியே இணையும் ஓடியோ இன்ரர்பேஸ் என்ற சிறிய பெட்டி இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. பக்கவாட்டில் பாட வேண்டிய ஒலிவாங்கியின் முதுகைப் பார்த்துப் பாடுபவர்களும் உண்டு. தூரமும் முக்கியம்: வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடைவெளி இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறைகிறது.

இரைச்சலை நீக்குவதாகச் சொல்லும் மென்பொருள் வசதிகள் வேறொரு வகை ஆபத்து. அவை பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரத்தை இரைச்சல் என எண்ணி அமுக்கிவிடுகின்றன. 2020 இல் கொவிட் காலத்தில் சூம் வழியே இசை வகுப்பு நடத்திய ஆசிரியர்கள், நீட்டிப் பாடும் இடத்தில் மாணவரின் குரல் மறைகிறதே என்று தவித்தது இதனாலேயே. அதில் இசைக்கென ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தெரிவு இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. கலைப் பட்டதாரியான எனக்கே ஒரு பிற்பகலில் விளங்கிவிட்டது. ஆகவே, தெரியாது என்பது காரணமாகாது. பாடுபவரைச் சத்தமாகப் பாடச் சொல்வது நமக்கு இலகுவாக இருக்கிறது, அதனாலேயே சொல்கிறோம். கருவி பாடகருக்குப் பணிய வேண்டுமே தவிர, முதிய தொண்டை கருவிக்குப் பணியக் கூடாது என்பதே எனது நிலைப்பாடு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்துகளை மேடையேற்றியதோடு அவற்றின் ஏடுகளையும் பதிப்பித்தார். அச்சில் சொற்கள் நின்றன. மெட்டும் இழுப்பும் தாளத்தோடு சொல் முட்டும் இடமும் அச்சில் நிற்பதில்லை. அவை குரலில்தான் இருக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் இன்றும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அது பிறர் மூட்டிய தீ. ஆனால், நாமே பதிந்து நாமே கேட்க முடியாமற் போகும் குரல்களுக்கு யாரைக் குற்றம் சொல்வது?

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் அம்மம்மாவின் தாலாட்டைக் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் பதிந்து செல்கின்றனர். நல்ல காரியம். அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரே ஒரு நிமிடம் பதியுங்கள். பலமான இடத்தில் ஒலியளவு -12 முதல் -6 டெசிபெல் வரை நிற்கிறதா என்று பாருங்கள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேளுங்கள். பாடியவருக்கும் போட்டுக் காட்டுங்கள். தமது குரல் எது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை. அண்ணாவியாரின் பதிவு இன்னமும் எனது கணினியில் இருக்கிறது. அதில் தெளிவாகக் கேட்பது, ஒலிவாங்கிக்கு வெளியே நின்று, இன்னும் சத்தமாய்ப் பாடுங்கோ என்று கணினிக்கு அருகே நான் உரத்துச் சொன்ன குரலின் அதிர்வும், பின்னர் அவர் இருமியதும்தான்.